கேரமும் வயதும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கேரம் வீராங்கனை காசிமா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 63. பழைய வண்ணாரப்பேட்டையில், எங்கள் தெரு மன்றத்தில் பள்ளி நாள் முதல் கேரம் ஆடுகிறேன். பட்டம் எதுவும் வாங்கியதில்லை. ஒரு மாவட்டப் போட்டியில் கால் இறுதி வரை வந்ததோடு சரி. இப்போது எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் என்னைச் சர்வசாதாரணமாகத் தோற்கடிக்கிறாள். "பிள்ளைகளோடு இன்னும் என்ன போட்டி? சொல்லிக்கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ளலாமே" என்கிறான் மகன். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

நிறுத்த வேண்டாம். சொல்லிக்கொடுக்க ஆசை இருந்தால் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆடுவதற்கான அனுமதிச் சீட்டாக மட்டும் அதை ஆக்கிக்கொள்ளாதீர்கள். நம் வீடுகளில் வயதானவர் எதைச் செய்தாலும் அதற்கொரு பயன் கேட்பார்கள். நடந்தால் சர்க்கரைக்கு நல்லது, கோயிலுக்குப் போனால் புண்ணியம். கேரத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று உங்கள் மகனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரத்தில் உலகச் சாம்பியன். 1996-இல் அர்ஜுனா விருது பெற்றார். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். காசிமா 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். இவர்களைப் பற்றிய செய்திகளில் தகப்பனாரின் தொழில் முதலில் வரும், ஆட்டம் பிறகுதான். வறுமையிலிருந்து ஏறி வர ஓர் ஏணி என்பதற்கு மேல் கேரத்தைப் பற்றிப் பேச நமக்கு எதுவும் இல்லாததுபோல. வேலை விட்டு வந்து சட்டையைக் கழற்றிவிட்டுப் பலகை முன் உட்கார்ந்த பெரியவர்களோடு ஆடித்தானே வடசென்னைப் பிள்ளைகளின் கை பழகியது என்று கேட்கலாம். ஆனால் அதுவும் பயன் கணக்குதான். விட்டுவிடுகிறேன்.

ஆட்டத்துக்கு வருவோம். கேரத்தில் பெரியவருக்கும் சிறுமிக்கும் ஒரே பலகை, 74 சென்டிமீட்டர். இருவருக்கும் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேல் போகக்கூடாது. இத்தனை வயது வித்தியாசத்தில் சலுகையே இல்லாமல் மோத முடிகிற விளையாட்டுகள் அதிகம் இல்லை. முதல் அடியிலேயே காய்களைச் சிதறடித்து, விடாமல் ஒன்பதையும் போட்டுவிடுகிற வேகம் அவளுடையது. அதில் உங்களால் அவளைப் பிடிக்க முடியாது, முயலவும் வேண்டாம்.

ஆனால் ஆளுக்கு இரண்டு மூன்று காய் மிஞ்சும்போது வேறொரு ஆட்டம் தொடங்குகிறது. அவளுடைய காய் குழியின் வாயில் நிற்கிறது. உங்கள் காயைப் போடாமல், மெல்லத் தட்டி அதற்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள். பார்ப்பவர்களுக்கு அடி தவறிவிட்டதுபோல இருக்கும். சிவப்புக் காயும் அப்படித்தான். 22 புள்ளியைத் தொட்டவருக்கு அதன் மூன்று புள்ளி சேராது. அப்போதும் எதிராளிக்குக் கிடைக்கக்கூடாதென்று அதை எடுப்பதா, எடுத்த கையோடு தன் காய் ஒன்றையும் போட வேண்டிய ஃபாலோவைப் போட முடியாமல் மாட்டிக்கொள்வதா என்று நெற்றியைச் சுருக்கி யோசிக்கிற நேரம் இருக்கிறதே, கேரத்தின் ருசி முழுக்க எனக்கு அங்கேதான். ஐப்பசி மழையில் பவுடர் கட்டிதட்டிப் பலகை இழுக்கும்போது எவ்வளவு விசை கூட்ட வேண்டும் என்பதும் இத்தனை வருடம் ஆடிய விரலுக்கு, யாரும் சொல்லாமலே தெரியும்.

நீங்கள் ஒன்றை எழுதவில்லை. அந்தப் பெண்ணிடம் எங்கே தோற்கிறீர்கள், தொடக்கத்திலா, கடைசிக் காய்களிலா? தொடக்கத்தில் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. கடைசிக் காய்களிலும் அவளே வெல்கிறாள் என்றால் அவள் சாதாரணப் பெண் இல்லை. அவளை விட்டுவிடாமல் தினமும் ஆடுங்கள். யார் எப்படி முடித்தார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.