தலையில் கட்டி, நெற்றியில் புண்: எதை முதலில் காட்டுவது?

கேள்வி: எனக்கு வயது 44. உச்சந்தலையில் புளியங்கொட்டை அளவு கட்டி ஒன்று ஐந்தாறு வருடமாக இருக்கிறது. வலி இல்லை, தலை சீவும்போது மட்டும் சீப்பு இடறும். இப்போது பக்கத்திலேயே சின்னதாக இன்னொன்று. அம்மாவுக்கும் இதுபோல இருந்தது. புற்றுநோயாக இருக்குமோ என்று தூக்கமே வருவதில்லை. கத்தி வைத்தால் பரவிவிடும் என்கிறார்களே? அப்பாவுக்கும் (வயது 71, விவசாயம்) நெற்றிப்பொட்டில் சின்னப் புண் ஒன்று ஒரு வருடமாக இருக்கிறது. வலி இல்லாததால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறார்.
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் கட்டி ஒரு மாதம் காத்திருந்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. அப்பாவை இந்த வாரமே தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

காலமெல்லாம் வெயிலில் நின்று வேலை பார்த்தவர்களுக்கு நெற்றிப்பொட்டு, மூக்கு, கண்ணோரம், வழுக்கைத் தலை ஆகிய இடங்களில் வரக்கூடிய தோல் புற்று ஒன்று உண்டு. பேசல் செல் கார்சினோமா என்பார்கள். முதலில் ஒரு பரு மாதிரிதான் தெரியும். பிறகு நடுவில் பள்ளம் விழுந்து பொருக்குக் கட்டும். முகம் துடைக்கும்போது துண்டு பட்டுப் பொருக்கு உதிரும், ஒரு சொட்டு ரத்தம் வரும், நாலு நாளில் மறுபடி பொருக்கு. ஆறிவிட்டது என்று நினைக்கும்போதே திரும்ப வரும். நம் நிறத்துக்கு இது பெரும்பாலும் கருப்பாகவே இருக்கும் என்பதால் மச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் அப்பாவை உட்காரவைத்துப் புண்ணின் விளிம்பைப் பாருங்கள். வரப்புக் கட்டியதுபோல ஓரம் மட்டும் உயர்ந்து, பளபளவென்று இருந்தால் சந்தேகம் வலுவாகிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இந்த வகை மெதுவாக வளரும், வேறு உறுப்புகளுக்குப் பரவுவது மிக மிக அபூர்வம். சின்னதாக இருக்கும்போது சுற்றிலும் சில மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. விட்டுவைத்தால் இருக்கிற இடத்திலேயே ஆழமாக அரித்துக்கொண்டு எலும்பு வரை, கண் வரை போய்விடும். அப்பாவின் புண் இதுதான் என்று நேரில் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. ஆனால் தலையிலோ முகத்திலோ ஒரு புண் நாலு வாரம் தாண்டியும் ஆறவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும். வலி இல்லை என்பது இங்கே நல்ல சேதி அல்ல. பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று புண் திறந்து சதை வளர்ந்தால் இன்னும் அவசரம். அது ஸ்குவாமஸ் செல் என்ற வேறு வகையாக இருக்கலாம், அது பரவக்கூடியது.

சரி, உங்கள் கட்டிக்கு வருவோம். பல வருடமாக மெல்ல வளர்வது, வலியின்மை, அம்மாவுக்கும் இருந்தது, இப்போது இரண்டாவது ஒன்று: எல்லாமே பைலார் சிஸ்ட் பக்கம்தான் கைகாட்டுகின்றன. ஊரில் கழலை என்பார்களே, அதில் ஒரு வகை. முடிக்கால் உறையிலிருந்து உருவாகும் பை, உள்ளே வெள்ளையாகக் கெட்டிப்பட்ட கெரட்டின், அதாவது முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே புரதம். பத்தில் ஒன்பது தலையில்தான் வரும், குடும்பத்தில் தொடரும். விரலால் அழுத்திப் பார்த்தால் வழவழப்பாக, உருண்டையாக, கெட்டியாக இருக்கும், அடியிலுள்ள எலும்போடு ஒட்டாமல் நகரும். கொழுப்புக் கட்டி இதைவிட மெத்தென்று இருக்கும். கொஞ்சமும் அசையாமல் கல்லாக இருந்தால் மண்டையெலும்பின் வளர்ச்சியாக இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள்.

எடுக்கலாமா? தொந்தரவு இருந்தால் தாராளமாக எடுக்கலாம். மரப்பு ஊசி போட்டு, அந்த இடத்து முடியை மட்டும் ஒதுக்கி, பையோடு முழுசாக எடுப்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேர வேலை. பையில் துணுக்கு தங்கினால் மறுபடி வளரும். வீட்டில் பிதுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்துவது எல்லாம் வீண் என்பது அதனால்தான். சுண்ணாம்புப் பற்று வேண்டவே வேண்டாம், தோலைப் பொசுக்கி, இல்லாத புண்ணை உண்டாக்கும். இப்போது சிவந்து வலித்தால் முதலில் அந்த அழற்சியை அடக்கிவிட்டு அப்புறம்தான் கத்தி. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், தலைத்தோலில் ரத்தப்போக்கு அதிகம். சில வாரங்களிலேயே மளமளவென்று வளர்வது, மேல்தோல் உடைந்து ரத்தம் கசிவது, கழுத்தில் நெறி கட்டுவது, வேறு புற்றுநோய்க்கு ஏற்கெனவே சிகிச்சை எடுத்தவருக்குத் தலையில் புதிதாகக் கட்டி வருவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே காட்டுங்கள்.

கட்டி இல்லாத தொல்லைகளையும் தொட்டுவிடுகிறேன். எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சள் செதில் பொடுகு வகை. வெள்ளியாகத் தடித்த செதில், முடி எல்லையைத் தாண்டி நெற்றிக்கு இறங்கினால் சோரியாசிஸாக இருக்கலாம். காசு அளவில் வழவழப்பாக முடி கொட்டினால் புழுவெட்டு. குழந்தைக்குச் சொட்டையில் செதிலும் ஒடிந்த முடிக்குச்சிகளும் இருந்தால் படர்தாமரை. பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் களிம்பு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். சில குழந்தைகளுக்கு அது சீழ்க்கட்டி மாதிரியே வீங்கிக்கொள்ளும், கீறவே தேவையில்லாத கட்டி அது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். இன்னொன்று: பிறந்ததிலிருந்தே தலையின் நடுக்கோட்டிலோ மூக்குத்தண்டிலோ இருக்கும் கட்டிக்கு மூளையோடு தொடர்பு இருக்கலாம். ஸ்கேன் இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள்.

கத்தி வைத்தால் பரவும் என்ற பேச்சால்தான் பலர் தாமதமாக வருகிறார்கள். தோல் புற்றில் பயாப்ஸி எடுப்பதால் நோய் பரவுவதில்லை. புண்ணின் ஓரத்தில் சில மில்லிமீட்டர் சதை எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவிலேயே பார்க்கலாம். போவதற்கு முன் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அளவு மாறியதா என்று ஒப்பிட உதவும். உங்கள் கட்டியை எடுத்தாலும் அதைக் குப்பையில் போட விடாமல் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லி, ரிப்போர்ட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.