பத்துப் பேராக நின்ற 43 நிமிடங்கள்: அமித் ரோஹிதாஸ் குறித்த கேள்வி பதில்

2024 பாரிஸ் ஒலிம்பிக் ஹாக்கி காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார் இந்தியப் பின்கள வீரர் அமித் ரோஹிதாஸ். இந்தியா பத்துப் பேருடன் போராடிச் சமன் செய்து, கோல்கீப்பரை ஒவ்வொருவராக எதிர்கொண்டு கோல் போடும் ஷூட் அவுட்டில் வென்றது, ஒரு போட்டித் தடையால் ரோஹிதாஸ் ஆட முடியாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோற்றது, கடைசியில் வெண்கலத்தோடு திரும்பியது. அந்தத் தொடரில் ரோஹிதாஸ் அணிக்குப் பலமா, பாரமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. பல ஆண்டுகள் பின்களத்தில் ஆடி, பிறகு பயிற்சியாளரான நம் மூத்த உறுப்பினர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, அந்தச் சிவப்பு அட்டை நியாயமானதுதானா?

இல்லை என்பதே என் முடிவு. பந்து ரோஹிதாஸிடம் இருந்தது. பிரிட்டன் வீரர் வில் கால்னன் பின்னால் நெருங்கி வருகிறார். ரோஹிதாஸ் திரும்பி விலகும்போது மேலே எழுந்த மட்டை கால்னனின் முகத்தில் படுகிறது. வீடியோ பரிசீலனைக்குப் பிறகு சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மட்டை எங்கே போகிறது என்பதற்கு அதைப் பிடித்திருப்பவரே பொறுப்பு. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பின்கள வீரர் அவ்வளவு உயரத்துக்கு மட்டையை எழவிட்டிருக்கக் கூடாது. ஆனால் ஹாக்கியில் மூன்று அட்டைகள் இருக்கின்றன. பச்சை என்றால் இரண்டு நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு என்றால் ஆட்டம் முடியும்வரை ஓர் ஆள் குறைவு. அவ்வளவு பெரிய தண்டனைக்கு, வேண்டுமென்றே அடித்தார் என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நான் பார்த்த காட்சியில் ரோஹிதாஸின் கண் கால்னன் மீது இல்லை. மஞ்சள் அட்டை கொடுத்திருந்தால் வாய் திறந்திருக்க மாட்டேன்.

கேள்வி: அவர் இல்லாமலேயே காலிறுதியில் ஜெயித்துவிட்டோமே. அப்படியானால் அவர் அணிக்கு அவ்வளவு முக்கியமானவர் இல்லை என்றுதானே பொருள்?

அந்த வெற்றிக்காக மற்றவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் பாருங்கள் தம்பி. 43 நிமிடங்கள் பத்துப் பேர். நடுக்களத்தில் ஆட வேண்டிய மன்பிரீத் சிங் பின்னால் இறங்கி அந்த இடத்தைக் காத்தார். அட்டை வந்த ஐந்தாவது நிமிடத்தில் நம் அணித் தலைவரும் பின்கள வீரருமான ஹர்மன்பிரீத் கோல் போட்டார். 27-வது நிமிடத்தில் பிரிட்டனின் லீ மார்ட்டன் சமன் செய்தார். அதன் பிறகு பந்து பெரும்பாலும் நம் பக்கத்திலேயே சுழன்றது. கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் மட்டும் அன்று அப்படி நிற்காமல் இருந்திருந்தால் ஷூட் அவுட் வரை போயிருக்கவே மாட்டோம். 4-2 என்ற வெற்றி ஒரு மகத்தான நாளின் பலன். அந்த மாதிரி நாள் அடுத்த ஆட்டத்திலும் கைகொடுக்கும் என்று எந்தப் பயிற்சியாளரும் கணக்குப் போட முடியாது.

கேள்வி: ஒரு போட்டித் தடை அதிகம் இல்லையா?

அதிகம்தான். ஹாக்கி இந்தியா மேல்முறையீடு செய்தது, நிராகரிக்கப்பட்டது. பதினாறு பேர் கொண்ட அணி பதினைந்து பேரோடு அரையிறுதியில் இறங்கியது.

கேள்வி: ஜெர்மனியுடன் 2-3 என்று தோற்றதற்கு அவர் இல்லாததுதான் காரணமா?

முழுக் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கோலை மட்டும் எடுத்துப் பேசலாம். 18-வது நிமிடம், ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர் (கோல் முன்னே உள்ள வட்டத்தில் தடுப்பவர்கள் தவறு செய்தால் எதிரணிக்குக் கிடைக்கும் கோல் வாய்ப்பு), கொன்சாலோ பெய்யாட் கோல் போடுகிறார். ரியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவுக்காகத் தங்கம் வென்ற அதே பெய்யாட்தான்.

பெனால்டி கார்னரில் நம் பக்கம் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர்தான். முகக் கவசமும் முழங்கால் கவசமும் அணிந்து கோல் கோட்டின் பின்னால் நிற்பார்கள். பந்து உள்ளே தள்ளப்பட்ட கணத்தில் முதல் ஆள் வட்டத்தின் உச்சியை நோக்கிப் பாய வேண்டும். அந்த முதல் ஓட்டம் பல ஆண்டுகளாக ரோஹிதாஸின் வேலை. டோக்கியோ வெண்கலத்திலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெறும் துணிச்சல் இருந்தால் இதைச் செய்துவிட முடியாது. அவர் ஓடும் கோடு கோலின் ஒரு பக்கத்தை மறைக்கிறது. மறைக்காத பக்கம் கோல்கீப்பருடையது. யாருக்கு எந்தப் பக்கம் என்பது இருவருக்கும் பேசாமலே தெரிந்திருக்க வேண்டும். அரை அடி தவறினாலும் கோல்கீப்பர் பந்தைப் பார்ப்பதற்குள் அது வலையில் இருக்கும். மட்டையால் இழுத்துச் சுண்டிவிடும் டிராக் ஃபிளிக் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது, அதற்கு நேராக ஓடுகிறார் இந்த மனிதர்! முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு இன்னொரு கார்னர். வலியும் அவருக்கு, பழியும் அவருக்கு.

அவர் இருந்திருந்தால் பெய்யாட்டின் கோல் நின்றிருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஸ்ரீஜேஷுக்குப் பழக்கமான அந்த ஓட்டம் அன்று இல்லை என்பது மட்டும் உறுதி. நம் பக்கத்திலும் பல பெனால்டி கார்னர்கள் வீணாயின. ஹர்மன்பிரீத்துக்கு அடுத்தபடியாக டிராக் ஃபிளிக் அடிக்கக் கூடியவரும் ரோஹிதாஸ்தான். ஆக, இரண்டு முனையிலும் இழப்பு.

கேள்வி: பத்து கோல் போட்ட ஹர்மன்பிரீத்தான் தொடரின் சிறந்த பின்கள வீரர் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உங்கள் கருத்து?

தொடரிலேயே அதிக கோல் போட்டவர் அவர். இந்தியா போட்ட 15 கோல்களில் 10 அவருடையவை. நியூசிலாந்து, அர்ஜென்டினா இரண்டு ஆட்டங்களிலும் 59-வது நிமிடத்தில் அவர்தான் காப்பாற்றினார். 1972-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை முதல்முறையாக 3-2 என்று வீழ்த்தினோமே, அதிலும் இரண்டு கோல் அவருடையது. அவர் இல்லாமல் பதக்கம் இல்லை.

ஆனால் அந்தக் கோல்கள் எல்லாம் பெனால்டி கார்னர், கோல்கீப்பரை மட்டும் எதிர்த்து அடிக்கும் பெனால்டி ஸ்ட்ரோக் கணக்கு. தடுப்பாட்டத்தை மட்டும் நிறுத்துப் பார்த்தால், வேகமாக உடலைத் திருப்பி ஓடும் முன்கள வீரர்களிடம் ஹர்மன்பிரீத் சிரமப்படுகிறார். அந்த இடைவெளியை அடைப்பவர் பக்கத்தில் நிற்பவர். ரோஹிதாஸ் அடைத்த இடைவெளிகள் ஸ்கோர் பலகையில் வராது. அதனால்தான் உங்கள் நண்பரின் கணக்கில் அவர் காணாமல் போகிறார்.

கேள்வி: அப்படியானால் உங்கள் தேர்வு?

தொடர் முழுவதற்கும் ரோஹிதாஸ். அந்த ஒரு காலிறுதிக்கு மட்டும் மன்பிரீத்.

கேள்வி: கோவில்பட்டியில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அந்தச் சிவப்பு அட்டைக் காட்சியைக் காட்டி என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

முதலில் அந்தக் காட்சியில் மட்டையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பந்தை விட்டு மட்டை எப்போது மேலே போகிறது என்று அவர்களே சொல்லட்டும். பிறகு மைதானத்தில், பின்னால் ஒருவர் நெருக்கும்போது இரண்டு கைகளும் மட்டையில் இருக்க, மட்டை முனை முழங்காலுக்கு மேல் எழாமல் திரும்பிப் பழகட்டும். அடுத்து, பெனால்டி கார்னர் காட்சிகளில் ரோஹிதாஸின் முதல் மூன்று அடிகளைக் காட்டுங்கள். மெதுவாக ஓடவிட்டு, அவர் எந்தப் பக்கத்தை மறைக்கிறார் என்று கேளுங்கள். சிறுவர்களை நேரடியாக டிராக் ஃபிளிக் முன்னால் ஓடவிட வேண்டாம். டென்னிஸ் பந்து போதும்.

கேள்வி: வெண்கலப் போட்டியில் அவர் ஆடினாரா?

ஆடினார். ஸ்பெயின் முதலில் கோல் போட்டது, ஹர்மன்பிரீத் இரண்டு போட்டார். 2-1 என்ற நிலையில் கடைசி நிமிடங்களில் ஸ்பெயினுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கோல் விழவில்லை.