சூப்பர் லெமன் ஹேஸ்: எலுமிச்சை மணக்கும் கஞ்சா ரகம் குறித்துக் கேள்வி பதில்

கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் வயது வந்தோருக்குக் கஞ்சா சட்டப்படி விற்கப்படுகிறது. விற்பனைக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பதால், ஒன்டாரியோவில் அத்தகைய பரிசோதனைக் கூடமொன்றில் வேதியியலராகப் பணிபுரியும் எனக்கு இந்த ரகம் பழக்கமானது. எனக்கு வந்த கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன.

கேள்வி (ஸ்கார்பரோ): ஐயா, இந்த ரகத்தின் பெற்றோர் யார்? எங்கே உருவானது?

பதில்: ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த கிரீன் ஹவுஸ் விதை நிறுவனம் லெமன் ஸ்கங்க், சூப்பர் சில்வர் ஹேஸ் ஆகிய இரண்டு ரகங்களையும் கலந்து இதை உருவாக்கியது. 2008, 2009 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்நகரில் நடந்த கன்னாபிஸ் கோப்பை என்னும் கஞ்சா ரகப் போட்டியில் இது முதலிடம் பெற்றது. தந்தை வழியிலும் தாய் வழியிலும் ஸ்கங்க் என்னும் பழைய ரகம் கலந்திருக்கிறது; ஹேஸின் பூர்வீகமோ 1970களின் கலிஃபோர்னியா. மெக்சிகோ, கொலம்பியா, தாய்லாந்து விதைகளோடு தென்னிந்திய விதையும் அந்த ஹேஸில் சேர்ந்தது என்று வளர்ப்பாளர்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். அக்காலத்தில் எவரும் பதிவேடு வைத்துக்கொண்டு கலப்புச் செய்யவில்லை என்பதால், இதைச் செவிவழிச் செய்தியாகவே கொள்ள வேண்டும்.

கேள்வி (மொன்றியல்): எலுமிச்சை வாசனைக்கு லிமோனீன் என்னும் மணச்சேர்மம்தான் காரணம் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்களே, அது உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஆரஞ்சுத் தோலின் எண்ணெயில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் லிமோனீன்தான். எலுமிச்சைத் தோலிலும் அதுவே பெரும்பகுதி. ஆயினும் இரண்டையும் முகர்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு வேறுபடுத்திவிடுகிறோம். எலுமிச்சையை எலுமிச்சையாக்குவது அதில் சில விழுக்காடு மட்டுமே இருக்கும் சிட்ரால் என்னும் மணச்சேர்மம். ஆகவே, எது அதிகம் இருக்கிறதோ அதுவே மணத்தைத் தீர்மானிக்கும் என்பது சரியன்று.

கஞ்சாவிலும் இதே நிலைதான். சூப்பர் லெமன் ஹேஸின் பல பரிசோதனைச் சான்றிதழ்களில் முதலிடத்தில் நிற்பது லிமோனீன் அன்று, டெர்பினோலீன். ஹேஸ் வழி வந்த பல ரகங்களில் காணப்படும் இது பைன் மரம், பச்சை ஆப்பிள், சற்றே மண்ணெண்ணெய் கலந்தாற்போன்ற மணம் உடையது. அடுத்து மிளகில் இருக்கும் காரியோஃபிலீன் வருகிறது. லிமோனீன் அதற்கு முன்போ பின்போ நிற்கும். மாதிரிக் குப்பியைத் திறந்தவுடன் எழுவது எலுமிச்சைத் தோலின் நெடி. பூமொட்டை அரைத்தபின் அதன் அடியிலிருந்து மிளகும் பைனும் மேலே வருகின்றன. 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்களும் கஞ்சாவின் பழ மணத்திற்குப் பங்களிக்கின்றன என்று காட்டியது. பம்ப்ளிமாஸ் வகைப் பழங்களுக்கும் பாஷன் பழத்திற்கும் அந்த மணத்தைத் தருபவை இதே இனத்தைச் சேர்ந்தவை. லிமோனீன் போன்ற மணச்சேர்மங்களான டெர்பீன்களின் வழக்கமான பட்டியலில் இவை இடம்பெறுவதே இல்லை. எனவே அந்தப் பட்டியலை மட்டும் படித்து மணத்தை ஊகிப்பவர்கள் ஏமாறுவது இயல்பு.

கேள்வி (மார்க்கம்): ஒரே பெயரில் இரு நிறுவனங்களின் பொட்டலங்கள் வாங்கினேன். ஒன்று எலுமிச்சை, மற்றது வெறும் புல் வாசனை. எது அசல்?

பதில்: இரண்டுமே அசலாக இருக்கலாம், இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். ஒரே தாய்ச்செடியின் தண்டுத் துண்டுகளிலிருந்து வளர்ந்தவை மரபணுவில் ஒன்றாக இருக்கும். விதையிலிருந்து வளர்ந்தவையோ ஒரு வீட்டுப் பிள்ளைகளைப் போல, சாயல் இருந்தாலும் ஆளுக்கு ஆள் மாறுபடும். மேலும், கஞ்சா ரகங்களின் பெயர்களுக்குக் காவலர் எவரும் இல்லை. 81 கஞ்சா மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015இல் வெளியான கனடா ஆய்வொன்றில், ஒரே பெயர் கொண்டவை சில வேளைகளில் வேறு பெயர் கொண்டவற்றோடு அதிகம் ஒத்திருந்தன.

பழமையும் ஒரு காரணம். லிமோனீன் எளிதில் ஆவியாகும், காற்றுப் பட்டால் ஆக்சிஜனேற்றமும் அடையும். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் பொதிந்த தேதியை முதலில் பாருங்கள்.

கேள்வி (ஒட்டாவா): இது சட்டைவா வகை, சுறுசுறுப்பைத் தரும் என்கிறார் கடைக்காரர். எலுமிச்சை மணம் பதற்றத்தையும் குறைக்குமாமே?

பதில்: முதல் பாதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கஞ்சாவை இருவகையாகப் பிரிக்கும் சட்டைவா, இண்டிகா என்னும் முத்திரைகள் இலையின் வடிவிலும் செடியின் உயரத்திலும் தொடங்கியவை. இன்றைய கடைகளில் ஏறக்குறைய எல்லாமே கலப்பினங்கள். 2021இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, அந்த முத்திரைகள் ஒருசில டெர்பீன்களோடு மட்டுமே பொருந்துகின்றன என்றும், முழு மரபணு வேறுபாட்டோடு அவ்வளவாகப் பொருந்தவில்லை என்றும் கண்டது.

இரண்டாம் பாதி சுவையானது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2024இல் வெளியிட்ட ஆய்வில், 20 பேர் கஞ்சாவில் போதை தரும் சேர்மமான டி.எச்.சி.யின் தூய வடிவத்தையும் லிமோனீனையும் ஆவியாக்கி உள்ளிழுத்தார்கள். 30 மில்லிகிராம் டி.எச்.சி.யோடு 15 மில்லிகிராம் லிமோனீன் சேர்ந்தபோது பதற்றமும் பிறர் மீதான சந்தேக உணர்வும் குறைந்தன. இதைக் கேட்டதும் கடைக்காரர்கள் மகிழ்ச்சியடைவது புரிகிறது. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நூற்றுக்கு 20 டி.எச்.சி. உள்ள கஞ்சாப் பூவில் 30 மில்லிகிராம் டி.எச்.சி. பெற 150 மில்லிகிராம் பூ தேவை. அதில் லிமோனீன் அரை விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், கிடைப்பது முக்கால் மில்லிகிராம். ஆய்வில் பலன் தந்த அளவு அதைப்போல் இருபது மடங்கு. ஆகவே, பதற்றம் வரக்கூடியவர் எலுமிச்சை மணத்தை நம்பி வலிமையான பூவை வாங்குவது தவறான துணிவு, டி.எச்.சி. அளவைக் குறைப்பதே அவருக்குப் பயன்படும். மனநோய் வரலாறு உள்ள குடும்பத்தினரும் கருவுற்ற பெண்களும் கஞ்சாவைத் தவிர்ப்பதே நல்லது.

கேள்வி (சென்னை): விமான நிலையத்தில் பிடிபட்டதாகச் செய்திகளில் வரும் ஹைட்ரோபோனிக் கஞ்சா இந்த ரகம்தானா?

பதில்: ஹைட்ரோபோனிக் என்பது மண்ணின்றி ஊட்டநீரில் வளர்க்கும் முறை, அது ரகமன்று. எந்த ரகத்தையும் அப்படி வளர்க்கலாம். இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சா எனக் குறிப்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை. அதற்கு எலுமிச்சை மணக்கிறதா, நீரில் வளர்ந்ததா என்பது பொருட்டன்று. சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை சிறை விதிக்கப்படலாம்.

கேள்வி (சிங்கப்பூர்): அடுத்த மாதம் கனடாவிலுள்ள அக்காவைப் பார்க்க வருகிறேன். அங்கே சட்டப்படி வாங்கிப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லையே?

பதில்: உண்டு. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொள்வதும் அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். திரும்பியபின் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியவந்தால், வாங்கிய இடம் சட்டபூர்வமானது என்ற வாதம் உதவாது. பெட்டியில் எடுத்துச் செல்வதைப் பற்றி நினைக்கவே வேண்டாம். கனடாவிலிருந்து எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது கனடாச் சட்டத்தின்படியே குற்றம்.

கேள்வி (மிசிசாகா): "லெமன் ஹேஸ்" என்று எழுதிய மிட்டாய்களும் கிடைக்கின்றன. பூவின் அதே குணம் அதிலும் இருக்குமா?

பதில்: பெரும்பாலும் இராது. மிட்டாய்க்காக டி.எச்.சி.யைப் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்தும்போது ரகத்தின் டெர்பீன்களில் பெரும்பகுதி போய்விடுகிறது. மிட்டாயில் நீங்கள் சுவைக்கும் எலுமிச்சை, பிறகு சேர்க்கப்படும் சுவையூட்டி. உட்கொண்டது வேலை செய்ய இரண்டு மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், ஒன்றும் தெரியவில்லையே என்று இரண்டாவதை வாயில் போடுபவர்கள்தான் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கனடாவில் உண்ணும் வகைகளில் ஒரு பொட்டலத்திற்கு 10 மில்லிகிராம் டி.எச்.சி.தான் உச்ச வரம்பு. அதைவிட அதிகமாக அச்சிட்ட மிட்டாயை எவரேனும் நீட்டினால், அது உரிமம் பெற்ற இடத்திலிருந்து வந்ததன்று.