ஆட்டோமேட்டிக் கியர் சில நேரம் உதறலோடும் சில நேரம் தெரியாமலும் மாறுவது ஏன்?

கியர் மாறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளிவிட்ட மாதிரி வண்டி உதறினால் அது முரட்டு மாற்றம். ஆர்பிஎம் முள் (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) இறங்குவதைப் பார்த்தால்தான் மாறியதே தெரிகிறது என்றால் மென்மையான மாற்றம்.

டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) உள்ள வழக்கமான ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் கியர் பற்கள் எப்போதும் கோத்தபடியே இருக்கும், மாறுவது கிளட்ச்தான், அதாவது ஒன்றோடொன்று அழுந்திப் பிடித்துக்கொள்ளும் தட்டுகள். பழைய கியரைப் பிடித்திருந்த கிளட்ச் விட வேண்டும், அதே கணத்தில் புதியது பிடிக்க வேண்டும், இரண்டையும் இயக்குவது எண்ணெயின் அழுத்தம். நிரம்பிய தண்ணீர்க் குடத்தை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். இவர் முன்னாடியே விட்டால் குடம் நழுவும் (வண்டியில் என்றால் எஞ்சின் சும்மா உறுமும்), இவர் விடுவதற்குள் அவர் வெடுக்கென்று இழுத்தால் தண்ணீர் தளும்பும், அந்தத் தளும்பல்தான் நம் முதுகில் விழும் இடி.

குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் முதல் சில மாற்றங்கள் முரடாக இருப்பது எண்ணெய் கெட்டியாக இருப்பதால், சூடேறினால் சரியாகிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால் வண்டியின் கணினியே எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிச் சட்டென்று பிடிக்க வைக்கும், அதுவும் கோளாறு இல்லை. எண்ணெய் குறைந்தோ கிளட்ச் தட்டு தேய்ந்தோ வரும் உதறல் மட்டும் சூடான பிறகும் பெரும்பாலும் போகாது, அதை மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

அப்புறம், மென்மையாக மாறினாலே பெட்டி நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்து இழுத்து மாறும் மென்மை கிளட்ச் வழுக்குவதாலும் வரலாம், அந்தச் சூட்டில் தட்டுகள் கருகும்.