சி டிரைவ் பாதிக்கு மேல் சுருங்க மறுக்கிறதா?

வணக்கம். 1 டிபி டிஸ்க்கில் 70 ஜிபிதான் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் டி டிரைவ் பிரிப்பதற்காக டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையில் 'ஷ்ரிங்க் வால்யூம்' (சி-யைச் சுருக்கும் வசதி) கொடுத்தால் பாதிக்கு மேல் விட்டுக்கொடுக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் டிஸ்க்கில் கோளாறு எதுவும் இல்லை. விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும்போது பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு), ரீஸ்டோர் பாயின்ட் (பழைய நிலைக்குத் திரும்ப எடுத்து வைக்கும் பதிவு) போன்ற சில கோப்புகளை நகர்த்த முடியாது. அவற்றில் ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தால், அதோடு சுருக்கம் நின்றுவிடும்.

முதலில் ரீஸ்டோர் பாயின்ட்களை உருவாக்கும் சிஸ்டம் ப்ரொடெக்‌ஷனை அணையுங்கள். அப்புறம் பேஜ் ஃபைலுக்கான விர்ச்சுவல் மெமரி அமைப்பில் 'நோ பேஜிங் ஃபைல்' தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட் செய்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். பெரும்பாலும் கூடுதல் இடம் கிடைக்கும். வேலை முடிந்ததும் இரண்டையும் மறக்காமல் பழையபடி மாற்றிவிடுங்கள்.

எவ்வளவு சுருக்க வேண்டும் என்பதை ஷ்ரிங்க் வால்யூம் எம்பியில் கேட்கும். 500 ஜிபி வேண்டுமென்றால் 512000 என்று கொடுங்கள். பிரிந்து வரும் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து நியூ சிம்பிள் வால்யூம் கொடுத்து, ஃபைல் சிஸ்டமாக என்டிஎஃப்எஸ் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்.

அதே திரையில் ஈஎஃப்ஐ, ரெக்கவரி என்று சின்னச் சின்னப் பார்டிஷன்கள் (டிஸ்க்கின் பிரிவுகள்) தெரியும். இடம் வீணாகிறதே என்று அவற்றை அழித்துவிடாதீர்கள். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் கோப்புகள் ஈஎஃப்ஐ-யில்தான் இருக்கின்றன; அது போனால் லேப்டாப் பூட் ஆகாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முன்பே வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள்.

சி-க்கு 200 ஜிபியாவது விடுங்கள் என்பேன். அப்டேட்டுகள் இடத்தை விழுங்கும். இன்னொன்று, புகைப்படங்களை டி-யில் வைத்தால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் ஒரே டிஸ்க்தான், பழுதானால் சேர்ந்தே போகும். அவற்றுக்கு வெளியே ஒரு நகல் கட்டாயம் வேண்டும்.