பால் குடிக்க மறுக்கும் குழந்தை: எப்போது பயப்பட வேண்டும்?

கேள்வி: டாக்டர், நாங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது மாதம், எடை 8 கிலோ. வேலைக்குப் போகும்போது பிள்ளை பார்க்கும் அக்கா வீட்டில் விடுவேன். அங்கே ஒரு பையனுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்து இவளுக்கும் ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில், “வைரஸ்தான், தானாகச் சரியாகும், நிறைய குடிக்கக் கொடுங்கள்” என்றார்கள். ஆனால் போத்தலைக் கண்டாலே அழுகிறாள். வேளைக்கு 6 அவுன்ஸ் குடிப்பவள் ஓர் அவுன்ஸோடு தள்ளிவிடுகிறாள். உடம்பில் நீர் வற்றிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. மாமியார் 100 பிளஸ் கொடு, பார்லித் தண்ணீர் கொடு என்கிறார். வாயில் வெங்காரமும் தேனும் தடவலாம் என்கிறார். என்ன செய்வது? எப்போது இவளைத் திரும்பவும் அந்த அக்காவிடம் விடலாம்?

பதில்: சகோதரி, முதலில் வெங்காரத்தையும் தேனையும் எடுத்து அலமாரியில் வைத்துவிடுங்கள். வெங்காரம் சிறு குழந்தையின் உடம்புக்கு விஷம். தேன் ஒரு வயது முடியும் வரை ஒரு துளிகூடக் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மாமியார் அன்போடுதான் சொல்கிறார், அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் செய்ததுதான். டாக்டர் வேண்டாம் என்றார் என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள். கடையில் விற்கும் மரத்துப்போகச் செய்யும் வாய்ப்புண் ஜெல்லும் இந்த வயதுக்கு வேண்டாம்.

உங்கள் மகளுக்குப் பசியும் இருக்கிறது, தாகமும் இருக்கிறது. வாய் எரிவதால்தான் போத்தலைத் தள்ளுகிறாள். குழந்தை உறிஞ்சும்போது நாக்கு அந்த ரப்பர் காம்பை மேலண்ணத்தோடு அழுத்தும். இந்த நோயில் புண் வருவதும் நாக்கிலும் அண்ணத்திலும்தான். அதனால் இரண்டு மூன்று நாளைக்குப் போத்தலை மறந்துவிடுங்கள். உங்கள் வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையோ சங்கோ இருக்கிறதா? மாமியாரிடம் கேளுங்கள், நிச்சயம் எங்காவது எடுத்து வைத்திருப்பார். கொதிநீரில் போட்டு எடுத்து, அதில் கொடுங்கள். இல்லாவிட்டால் சின்னக் கரண்டி, மருந்து கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சு எதுவும் போதும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தோ, அழும்போதோ, கையைப் பிடித்துக்கொண்டோ ஊற்றக் கூடாது, புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். வலுக்கட்டாயமாகக் கொடுக்கப் பார்த்தால் அடுத்த முறை கரண்டியைக் கண்டாலும் அழ ஆரம்பித்துவிடுவாள்.

ஒரு தேக்கரண்டி என்பது 5 மில்லி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி போனால் ஒரு மணி நேரத்தில் 60 மில்லி, அதாவது 2 அவுன்ஸ். எட்டு மணி நேரம் இப்படிப் போனால் 16 அவுன்ஸ் உள்ளே போயிருக்கும். பார்க்க ஒன்றுமே குடிக்காதது போலத் தெரியும். 8 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 800 மில்லி வேண்டும், அதில் கஞ்சி, பழக்கூழ் எல்லாம் சேர்த்திதான். நோய் நாளில் இரண்டு மூன்று நாளைக்கு வழக்கத்தில் பாதி போனாலும், சிறுநீர் ஒழுங்காகப் போனால் தாங்கிக்கொள்வாள். வேளைக்கு ஓர் அவுன்ஸ் மட்டும் என்பது பாதிக்கும் மிகவும் கீழே. நீங்கள் பயந்ததில் தப்பில்லை.

கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு கிளினிக்கில் கொடுத்த பாராசிட்டமாலைக் கொடுங்கள். வலி அடங்கிய அந்த நேரத்தில்தான் அதிகம் இறங்கும். மருந்துப் போத்தல் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள்: 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு, 250 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. உங்கள் மகளின் எடைக்கு ஒரு வேளைக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். ஐபுபுரோஃபென் என்ற காய்ச்சல், வலி மருந்து வேண்டவே வேண்டாம். நீர் குறைந்த உடம்பில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் ஊரில் எந்தக் காய்ச்சலிலும் டிங்கியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், டிங்கியில் ஐபுபுரோஃபென் இரத்தக்கசிவை அதிகமாக்கும்.

பாலை ஆற வைத்து, குளிர்ச்சியாகவே கொடுக்கலாம், எரிச்சலுக்கு இதமாக இருக்கும். தாய்ப்பால் இன்னும் இருந்தால் அடிக்கடி பிடித்துப் பாருங்கள். ஆறிய கஞ்சி, தயிர் எல்லாம் சரி. 100 பிளஸில் காஸும் புளிப்பும் இருப்பதால் புண்ணில் எரியும். சர்க்கரையும் அதிகம், வயிற்றுப்போக்கு இருந்தால் அதைக் கூட்டிவிடும். பார்லித் தண்ணீர் ஒன்பது மாதக் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. ஆனால் பால் குடிக்க வேண்டிய வயிற்றை அது அடைத்துவிடும், ஆகவே இரண்டு மூன்று கரண்டி போதும். (ஆறு மாதத்துக்குக் கீழ் இருந்தால் வெறும் தண்ணீரும் பார்லியும் கூடாது. இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம்.) வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால்தான் ஓ.ஆர்.எஸ். (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு, சர்க்கரைப் பொடி) தேவைப்படும். பாக்கெட் மேல் எத்தனை மில்லி போட்டிருக்கிறதோ அத்தனை தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரைக்க வேண்டும், பாதியைக் கரைத்து மீதியை வைக்கக் கூடாது. கரைத்தது 24 மணி நேரத்துக்குத்தான்.

இனி நீர் வற்றுகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? போத்தலில் மீந்திருக்கும் அவுன்ஸை எண்ணாமல் பாம்பர்ஸைப் பாருங்கள். இப்போதைய பாம்பர்ஸ் நிறைய உறிஞ்சும், தொட்டால் காய்ந்தது போலவே இருக்கும். உள்ளே ஒரு டிஷ்யூவை மடித்து வையுங்கள், நனைந்தால் தெரிந்துவிடும். கடைசியாக எப்போது நனைந்தது என்று ஒரு தாளில் நேரம் எழுதுங்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது, வெளிர் மஞ்சளாகப் போகிறாள், அழும்போது கண்ணீர் வருகிறது, வாய்க்குள் எச்சில் ஈரம் இருக்கிறது, உங்களைப் பார்த்து முகம் மலர்கிறாள் என்றால் வீட்டிலேயே பார்க்கலாம். உச்சிக்குழியை அழாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது தொட்டுப் பாருங்கள். பள்ளமாக இறங்கியிருந்தால் நல்லதில்லை. வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் உடனே சமமாக வேண்டும்.

எட்டு மணி நேரம் பாம்பர்ஸ் நனையாவிட்டால், அல்லது ஒரு நாள் முழுதும் மேலே சொன்னபடி கொடுத்தும் பாதிகூடப் போகாவிட்டால், சுங்கை சிப்புட் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கண் குழிந்து, கை கால் சில்லிட்டு, மூச்சு வேகமாகி, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால் ஒரு நிமிடமும் வீட்டில் வைக்க வேண்டாம், 999-க்கு அழையுங்கள். விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். தோட்டத்துச் சாலையில் இரவில் கார் கிடைப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால் பொழுது சாயும் முன்பே, யார் வீட்டில் கார் இருக்கிறது, யார் ஓட்டி வருவார் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கிளினிக் புத்தகத்தையும் எடுத்துப்போங்கள். கடைசியாகப் பதிந்த எடையோடு ஒப்பிட்டால், 400 கிராம் குறைந்திருந்தாலே நீர் இழப்பு என்று டாக்டர் சொல்லிவிடுவார்.

இந்த நோயில் தனியாகக் கவனிக்க வேண்டிய சில ஆபத்தான அறிகுறிகள் உண்டு: தூக்கத்தில் திடுக் திடுக்கென்று திரும்பத் திரும்ப உடம்பு தூக்கிப்போடுவது, கை காலில் பலம் குறைவது, காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டுவது, விடாத வாந்தி. 1997-ல் சரவாக்கில் குழந்தைகள் இறந்தபோது பரவலாகக் காணப்பட்ட எண்டரோவைரஸ் 71, இந்த நோயைத் தரும் வைரஸ்களில் மூளைத் தண்டைத் தாக்கும் வகை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படி ஆவதில்லை. ஆனாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால், பால் நன்றாகக் குடித்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

புண் முதல் மூன்று நான்கு நாள்தான் கடுமையாக இருக்கும், ஏழு முதல் பத்து நாளில் ஆறிவிடும். காய்ச்சல் நின்று, கொப்புளம் எல்லாம் காய்ந்த பிறகு அந்த அக்கா வீட்டில் விடலாம். மலத்தில் வைரஸ் சில வாரங்கள் வரை வரும். பாம்பர்ஸ் மாற்றியதும் அவரும் நீங்களும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், இந்த வைரஸுக்கு சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது.