தேன்பெட்டிக்குள் ஈரம்: கேள்விகளும் பதில்களும்

இன்று ஈரம், காப்பு (சூடோ குளிரோ பெட்டிக்குள் கடக்காமல் தடுப்பது) இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். நோய்க்கு மருந்து, ராணி மாற்றுவது எல்லாம் வேறொரு நாள் பேசலாம்.

கேள்வி: அக்கா, குளிர்நாளில் காலையில் மூடியைத் தூக்கினால் உட்புறம் முழுக்க நீர்த்துளி. மழையே இல்லை. எங்கிருந்து வருகிறது இந்தத் தண்ணீர்?

பதில்: தேனீக்களிடமிருந்துதான். குளிரில் அவை தேனைத் தின்று உடம்பைச் சூடாக்குகின்றன. சர்க்கரை எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் வரும். ஒரு கிலோ தேனில் ஏற்கெனவே சுமார் 180 கிராம் தண்ணீர் இருக்கிறது. மீதிச் சர்க்கரை எரியும்போது இன்னும் ஏறக்குறைய அரை கிலோ நீர் உண்டாகிறது. ஆக, 1 கிலோ தேன் செலவானால் 650 கிராமுக்கு மேல் தண்ணீர். பனி கொட்டும் இடங்களில் ஒரு கூட்டத்துக்குக் குளிர்காலம் தாண்ட 20 கிலோ தேன் விடுவார்கள். அதில் எவ்வளவு தண்ணீர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த ஈரக்காற்று சூடானது, அதனால் மேலே போகும். அங்கே மூடி சில்லென்று இருந்தால் அதில் படிந்து, துளியாகித் தேனீக்களின் தலையிலேயே சொட்டும். வறண்ட குளிரைக் கூட்டம் நன்றாகத் தாங்கும். நனைந்த உடம்போடு குளிரைத் தாங்காது. ஆகவே முதல் காப்பு மேலே போட வேண்டும். மூடி கதகதப்பாக இருந்தால் ஈரம் பக்கச் சுவரில் படிந்து வழிந்து கீழே போய்விடும். அது கெடுதல் இல்லை. கெட்டித் தேனை இளக்கிக் குஞ்சுப் புழுவுக்கு ஊட்டத் தேனீக்கள் அந்த நீரைக் குடிக்கவும் செய்யும்.

கேள்வி: மேலே என்ன போடலாம்? மரப்பலகையே போதாதா?

பதில்: போதாது. தெர்மாகோல் மரத்தைவிட மூன்று நான்கு மடங்கு வெப்பத்தைத் தடுக்கும். 5 செ.மீ. தெர்மாகோல் வைத்தால் 15 செ.மீ. மரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்மூடிக்கும் மேல்மூடிக்கும் நடுவே வையுங்கள். தேனீக்கு நேராகத் தெரிந்தால் கடித்துப் பொடியாக்கிவிடும், எறும்பும் உள்ளே குடியேறும். மரத்தூளோ வைக்கோலோ துணிப்பையில் நிரப்பி வைக்கலாம், நனையாத வரைக்கும். நனைந்துவிட்டால் அது காப்பே இல்லை.

மரப்பொந்தை நினைத்துப் பாருங்கள். தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் 1976-இல் மரப்பொந்துக் கூடுகளை அளந்து எழுதினார்கள். இடம் பெரும்பாலும் 40 லிட்டர் அளவு, வாசல் சிறியது, பெரும்பாலும் பொந்தின் அடிப்பக்கம். சுற்றிலும் தடித்த மரம். நம் பெட்டிச் சுவரோ 2 செ.மீ. பலகை. தேனீ தேடிப் பிடிக்கும் வீட்டுக்கும் நாம் கொடுக்கும் வீட்டுக்கும் அவ்வளவு தூரம்.

கேள்வி: மழைநீர் வாசல் வழியே உள்ளே போகிறது.

பதில்: பெட்டியை முன்பக்கம் ஒரு செ.மீ. தாழ்த்தி வையுங்கள்.

கேள்வி: எடுத்த தேன் ஒரு மாதத்தில் நுரைத்துப் புளித்துவிட்டது. பெட்டி ஈரம்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அவசரம்தான் காரணம். 30 சதவீதச் சர்க்கரையுள்ள மதுரத்திலிருந்து (பூவிலிருந்து தேனீ கொண்டுவரும் இனிப்பு நீர்) 1 கிலோ தேன் ஆக, 1.7 கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக்க வேண்டும். இரவெல்லாம் இறக்கை விசிறிச் செய்கிற வேலை அது. மெழுகால் மூடிய அடையை மட்டும் எடுங்கள். ஈரப்பதம் 18 சதவீதம் என்றால் நிம்மதி, 20-ஐத் தாண்டினால் புளிக்க வாய்ப்பு அதிகம். இந்தியத் தேனீயின் தேனில், அடையை மூடிய பிறகும் ஈரப்பதம் 20-க்கு மேல் நிற்பதுண்டு. ஈரப்பதம் அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டு எடுங்கள்.

கேள்வி: என் பெட்டி மூடியிலும் தண்ணீர் நிற்கிறது, என்ன செய்ய?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஈரம் போக மூடியில் ஒரு துளை போடலாமா?

பதில்: வேண்டாம். ஈரம் போகும், கூடவே சூடும் போகும். அதை ஈடுகட்டக் கூட்டம் இன்னும் தேனைத் தின்னும், இன்னும் நீராவி வரும்.

கேள்வி: அக்கா, இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இருபது வருடமாக மேல்துளை வைத்துத்தான் பெட்டி நடத்துகிறேன். பூஞ்சணம் வந்ததே இல்லை.

பதில்: ஐயா, உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. மேலே காப்பே இல்லாத பெட்டியில் துளை உதவும். சொட்டும் தண்ணீரைவிட வீணாகும் சூடு பரவாயில்லை. ஆனால் காப்பு போட்ட பிறகு அந்தத் துளைக்கு வேலை இல்லை. புழு அறையை 34, 35 டிகிரியில் வைக்கத் தேனீ படும் பாட்டைப் பாருங்கள். முட்டை பொரிக்க ஈரப்பதமும் வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் நன்றாகப் பொரிக்கும், 50-க்குக் கீழே போனால் பொரிப்பதே இல்லை. ஈரம் முழுக்க எதிரி அல்ல.

கேள்வி: அப்படியானால் தேனீ ஏன் வாசலில் நின்று விசிறுகிறது? காற்று வேண்டும் என்றுதானே?

பதில்: வேண்டும்தான், ஆனால் அதன் முறையில். இத்தாலியத் தேனீ வாசலைப் பார்த்து நின்று உள்காற்றை வெளியே இழுக்கிறது. இந்தியத் தேனீ வெளியே பார்த்து நின்று காற்றை உள்ளே தள்ளுகிறது. இரண்டும் ஒரே வாசலை வைத்துச் செய்கிற ஏற்பாடு. இத்தாலியத் தேனீ தனக்குப் பிடிக்காத துளையைப் பிசின் வைத்து அடைத்துவிடும். இந்தியத் தேனீ பிசின் சேர்ப்பதில்லை, நீங்கள் போட்ட துளையோடுதான் அது காலம் தள்ள வேண்டும்.

கேள்வி: (இன்னொருவர்) ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வெயில் காலத்தில், தேன்வரத்து சமயத்தில்?

பதில்: சரி, அந்த இடத்தில் நானும் இறங்கி வருகிறேன். கூட்டம் பலமாக இருந்து வரத்தும் கொட்டும்போது வாசலை அகலமாக்குங்கள், மூடியின் ஓரத்தில் சிறு ஆப்பு வைத்தாலும் தப்பில்லை. வரத்து முடிந்ததும் எடுத்துவிடுங்கள். வெயிலுக்கு முதல் மருந்து நிழல். அடுத்தது அதே மேல்காப்பு, அது வெளிச்சூட்டையும் தடுக்கும்.

கேள்வி: புழுக்கள் செத்து வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிபோல் கிடக்கின்றன.

பதில்: அஸ்கோஸ்பேரா ஏபிஸ் என்ற பூஞ்சை. புழு குளிர்ந்தால் பிடிக்கும். சிறு கூட்டத்தைப் பெரிய பெட்டியில் வைத்திருப்பீர்கள். தேனீ மொய்த்து மூடாத சட்டங்களை (அடை கட்டும் மரச்சட்டங்களை) எடுத்துவிட்டு, தடுப்புப் பலகை போட்டு இடத்தைச் சுருக்குங்கள்.

கேள்வி: பெட்டியைப் பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றலாமா?

பதில்: கூடாது. பலகை ஊறி அழுகும்.

கேள்வி: மூடியில் நீர்த்துளி...

பதில்: மூன்றாவது முறையாக இதே கேள்வி. மேலே காப்பு போடுங்கள். தினமும் திறந்து பார்ப்பதையும் நிறுத்துங்கள், தேனீ சேர்த்த சூடு ஒவ்வொரு முறையும் போய்விடுகிறது.

கேள்வி: அக்கா, மேல்துளைக்காரன்தான். இந்தக் குளிரில் ஒரு பெட்டியைத் துளை அடைத்துக் காப்போடு வைத்துப் பார்க்கிறேன். எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒரே பலமுள்ள இரண்டு கூட்டம், ஒரே இடம், ஒரே நிழல். காப்பு, மூடி எல்லாம் போட்டு முடித்த பிறகு இரண்டையும் எடை போட்டுக் குறித்துவையுங்கள். குளிர் முடியும்வரை திறக்காதீர்கள், பின்பக்கம் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்தால் மட்டும் பாகு கொடுங்கள், கொடுத்த அளவையும் எழுதுங்கள். முதல் பூ பூத்ததும் மறுபடி எடை போடுங்கள், எத்தனை சட்டத்தில் தேனீ மூடியிருக்கிறது என்று எண்ணுங்கள். என் பேச்சு தவறாக இருந்தாலும் அந்த எண்களை இங்கே அப்படியே எழுதுங்கள், ஐயா.